சுற்றுலா, பயண மேலாண்மை படிக்க வருகிறவர்களுக்கு

சுற்றுலா மற்றும் பயண மேலாண்மை படிக்கலாமா என்று கேட்டு வருகிறவர்களில் பெரும்பாலோர் சொல்லும் காரணம் ஒன்றுதான்: “எனக்கு ஊர் சுற்றப் பிடிக்கும்.” பிடிக்கட்டும், நல்லதுதான். ஆனால் இந்தப் படிப்பு கற்றுத்தருவது அடுத்தவர் நிம்மதியாக ஊர் சுற்ற ஏற்பாடு செய்வதை. வாடிக்கையாளர் கடற்கரையில் கால் நீட்டிப் படுத்திருக்கும் நேரத்தில், நீங்கள் கணினி முன்னால் உட்கார்ந்து, ரத்தாகிப்போன அவருடைய திரும்பும் விமானத்துக்கு மாற்று தேடிக்கொண்டிருப்பீர்கள். அதிலும் ஒரு சுவை இருக்கிறது என்று தோன்றினால் மேலே படியுங்கள். தோன்றவில்லை என்றால், வேறு ஏதாவது படித்து, நன்றாகச் சம்பாதித்து, அந்தப் பணத்தில் ஊர் சுற்றுவதே மேல்.

விண்ணப்பிக்கும் முன் ஒரு சோதனை

நீங்கள் இதுவரை போகாத ஒரு நகரத்தைத் தேர்ந்தெடுங்கள். ஆறு பேர் கொண்ட ஒரு குடும்பத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அதில் சக்கர நாற்காலியில் ஒரு பெரியவர், மூன்று வயதுக் குழந்தை ஒன்று, எதைச் சொன்னாலும் முகம் சுளிக்கும் பதினைந்து வயதுப் பிள்ளை ஒன்று. இவர்களுக்கு ஐந்து நாள் பயணத் திட்டம் எழுதுங்கள், மணிவாரியாக. எதில் போவார்கள், அந்த வண்டியில் பெரியவர் ஏற முடியுமா, மதியம் குழந்தை எங்கே தூங்கும், பார்க்கப் போகிற இடம் அன்றைக்குத் திறந்திருக்குமா? பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகம் செவ்வாய்க்கிழமை திறக்காது. தாஜ்மகாலுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. இதைப் பார்க்காமல் திட்டம் போட்டவர் ஆறு பேரையும் பூட்டிய கதவுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்துவார்.

இப்படி இரண்டு மூன்று மாலை உட்கார்ந்தும் அலுப்புத் தட்டவில்லை, இன்னும் கொஞ்சம் சரிசெய்யலாமே என்று கை பரபரக்கிறது என்றால் உங்களுக்கு இந்தத் துறை ஒத்துவரும். நுனிநாக்கு ஆங்கிலமும் கலகலப்பான பேச்சும்தான் வேண்டும் என்று வெளியே நினைக்கிறார்கள். அவையும் வேண்டும்தான். ஆனால் சின்னச் சின்ன விவரத்தில் கண் வைக்கும் பழக்கம் இல்லாத கலகலப்பான ஆளால் ஆபத்துதான் அதிகம்.

எந்தப் படிப்பு?

பட்டப்படிப்பு நாட்டைப் பொறுத்து மூன்று அல்லது நான்கு ஆண்டு. சில இடங்களில் கலைப் பட்டமாகவும், சில இடங்களில் வணிக மேலாண்மைப் பட்டமாகவும் தருகிறார்கள். இரண்டில் எதை எடுப்பது என்று கேட்டால் என் ஓட்டு மேலாண்மைப் பட்டத்துக்கு. அதில் கணக்கியல், சந்தைப்படுத்தல், மனிதவளம் ஆகியவை சேர்ந்து வரும். பின்னால் துறை மாற நேர்ந்தாலும் பட்டம் கைகொடுக்கும். வரலாறு, தொல்லியல், பண்பாடு என்று மனம் போகிறவர்கள், குறிப்பாக வழிகாட்டியாகவோ அருங்காட்சியகங்களிலோ வேலை பார்க்க நினைப்பவர்கள், கலைப் பட்டம் எடுக்கலாம்.

ஓட்டல் மேலாண்மையும் இதுவும் ஒன்றா என்ற குழப்பம் பலருக்கு. ஓட்டல் மேலாண்மை ஒரு கட்டடத்துக்குள் நடப்பது: சமையல், பரிமாறல், வரவேற்பு, அறைப் பராமரிப்பு. பயண மேலாண்மை அந்தக் கட்டடத்தை விமானத்தோடும் பேருந்தோடும் விசாவோடும் கோர்க்கும் வேலை. இரண்டையும் கலந்து ஒரே பட்டமாகத் தரும் கல்லூரிகளும் உண்டு. அங்கே சேர்ந்தால் சமையலறைப் பயிற்சிக்கு எத்தனை மணிநேரம், பயணப் பாடங்களுக்கு எத்தனை மணிநேரம் என்று பாடத்திட்டத்தைப் பிரித்துப் பாருங்கள். பெயர்ப்பலகையில் சுற்றுலா இருக்கும், உள்ளே முழுக்க ஓட்டலாக இருக்கும்.

ஒரு வருட டிப்ளமா போதாதா? டிக்கெட் போடும் வேலைக்கு உடனே போக வேண்டும் என்றால் போதும். மேலாளர் நிலைக்கு ஏறும்போதும், வெளிநாட்டு வேலைக்கு விசா கேட்கும்போதும் பட்டம் இல்லாதது இடிக்கும்.

கல்லூரியில் கேட்க வேண்டியவை

எல்லாக் கல்லூரிச் சிற்றேட்டிலும் ஒரு விமானம், ஒரு பனைமரம், ஒரு புன்னகை இருக்கும். அதைத் தள்ளி வைத்துவிட்டு நேரில் போய்ச் சில கேள்விகளைக் கேளுங்கள்.

ஆய்வகத்தில் ஜி.டி.எஸ். இருக்கிறதா? உலகம் முழுக்க விமான இருக்கைகளையும் கட்டணங்களையும் முகவர்களுக்குக் காட்டும் முன்பதிவுக் கட்டமைப்பு அது. அமேடியஸ், சேபர், டிராவல்போர்ட் மூன்றும்தான் பெரியவை. சேபர் 1960களில் அமெரிக்கன் ஏர்லைன்ஸும் ஐ.பி.எம்.மும் சேர்ந்து உருவாக்கியது. அமேடியஸ் 1987இல் ஐரோப்பிய விமான நிறுவனங்கள் கூடித் தொடங்கியது. மூன்றில் ஒன்றையாவது பயிற்சிக் கணக்கில் மாணவர்களே தட்டிப் பழக விடுகிறார்களா என்று பாருங்கள். ப்ரொஜெக்டரில் காட்டி முடித்துவிடுகிறார்கள் என்றால் அது பயிற்சியில் சேராது.

பாடம் எடுப்பவர்களில் துறையில் வேலை பார்த்தவர்கள் எத்தனை பேர்? ஒருவர்கூட இல்லை என்றால் யோசியுங்கள். எல்லோருமே அப்படி இருக்க வேண்டியதில்லை; கோட்பாடு சொல்லித்தர ஆய்வு செய்தவர்களும் தேவை.

வேலைவாய்ப்பைப் பற்றிக் கேட்கும்போது நிறுவனங்களின் பெயரைக் கேட்காதீர்கள், பதவியின் பெயரைக் கேளுங்கள். பெரிய விமான நிறுவனத்தின் சின்னத்தைச் சுவரில் மாட்டியிருப்பார்கள். போனவர் அங்கே எந்த வேலையில் சேர்ந்தார், இன்னும் இருக்கிறாரா என்பதுதான் முக்கியம். முடிந்தால் சமீபத்தில் படித்து முடித்த இருவரிடம் தனியாகப் பேசுங்கள். பத்து நிமிடத்தில் சிற்றேடு சொல்லாத எல்லாம் தெரிந்துவிடும்.

ஐ.நா. சுற்றுலா அமைப்பு, சுற்றுலாப் பாடத்திட்டங்களுக்கு டெட்குவால் என்ற தரச்சான்று தருகிறது. அது இருந்தால் நல்லது. இல்லாத நல்ல கல்லூரிகளும் நிறைய உண்டு, அதனால் அதை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

முதல் ஆண்டு: வரைபடமும் கடிகாரமும்

முதல் ஆண்டில் சுற்றுலாவின் வரலாறு, கோட்பாடு, வகைகள் என்று ஓடும். சுற்றுலாப் பயணி என்றால் யார் என்பதற்கு ஐ.நா. வகுத்த வரையறை, ஒரு நாளில் வந்து திரும்புகிறவருக்கும் இரவு தங்குகிறவருக்கும் உள்ள வித்தியாசம், 1841இல் தாமஸ் குக் லெஸ்டரிலிருந்து லஃப்பரோவுக்கு ரயிலில் ஆட்களை அழைத்துப்போன கதை எல்லாம் வரும். தேர்வுக்குப் படித்துவிடலாம். உங்கள் சொந்த நேரத்தை மட்டும் புவியியலுக்குக் கொடுங்கள். வேறெதுவும் இந்த அளவுக்குப் பின்னால் உதவாது.

விமான நிலையங்களுக்கு, விமான நிறுவனங்களின் உலகச் சங்கமான ஐ.ஏ.டி.ஏ. கொடுத்திருக்கும் மூன்றெழுத்துக் குறியீடுகளில் முக்கியமானவற்றை மனப்பாடம் செய்யுங்கள். லண்டனில் ஹீத்ரோ எல்.எச்.ஆர்., காட்விக் எல்.ஜி.டபிள்யூ. ஒன்றில் இறங்கி மற்றொன்றில் ஏற வேண்டும் என்று டிக்கெட் போட்டால் நடுவில் நகரத்தைச் சுற்றிக்கொண்டு ஓட வேண்டும். கோஸ்டா ரிக்காவின் தலைநகர் சான் ஹோசே எஸ்.ஜே.ஓ., கலிஃபோர்னியாவின் சான் ஹோசே எஸ்.ஜே.சி. கடைசி எழுத்து மாறினால் நாடே மாறிவிடும்.

அடுத்து நேரம். நேபாளம் உலக நேரத்துக்கு ஐந்தே முக்கால் மணிநேரம் முன்னால் இருக்கிறது. ஆக்லாந்தில் ராத்திரி விமானம் ஏறி ஹோனலூலு போனால், தேதிக்கோட்டைத் தாண்டுவதால், கிளம்பிய அதே தேதியின் காலையில் போய் இறங்குவீர்கள். அங்கே ஓட்டல் அறையை எந்தத் தேதிக்குப் போடுவது? இதைவிடச் சாதாரணமாக நடப்பது நள்ளிரவு விமானக் குழப்பம். டிக்கெட்டில் 15ஆம் தேதி 00:15 என்று இருந்தால், பயணி 14ஆம் தேதி இரவே விமான நிலையத்தில் இருக்க வேண்டும். 15ஆம் தேதி ராத்திரி பெட்டியோடு வந்து நிற்கிறவர்களை எந்த விமான நிலையத்திலும் பார்க்கலாம். நல்ல முகவர் இதைத் தனியாகத் தடித்த எழுத்தில் எழுதிக்கொடுப்பார்.

பருவமும் புவியியல்தான். தென் அரைக்கோளத்தில் டிசம்பர் கோடைகாலம். அட்லாண்டிக் பகுதியில் ஜூன் முதல் நவம்பர் வரை சூறாவளிக் காலம், அதனால்தான் அந்த மாதங்களில் கரீபியன் பயணங்கள் மலிவாகத் தெரியும். காரணம் தெரியாமல் மலிவு என்று மட்டும் சொல்லி விற்கிறவர் பிறகு போனை எடுக்க முடியாமல் தவிப்பார்.

இரண்டாம் ஆண்டு: டிக்கெட்டும் கணக்கும்

ஜி.டி.எஸ். பழக்கம் இந்த ஆண்டில் கைவர வேண்டும். ஒரு முன்பதிவைத் திறந்தால் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இடக் குறியீடு ஒன்று இருக்கும், அதுதான் பி.என்.ஆர். டிக்கெட் எண் பதின்மூன்று இலக்கம்; முதல் மூன்றும் விமான நிறுவனத்தைக் காட்டும். 125 பிரிட்டிஷ் ஏர்வேஸ், 176 எமிரேட்ஸ், 618 சிங்கப்பூர் ஏர்லைன்ஸ். பயணியின் பெயர் பாஸ்போர்ட்டில் இருப்பது போலவே இருக்க வேண்டும். குடும்பப்பெயர் என்ற ஒன்றே இல்லாத பயணிகள் வரும்போது எந்தப் பெயரை எந்தக் கட்டத்தில் போடுவது என்பதற்கு ஒவ்வொரு விமான நிறுவனமும் ஒரு விதி வைத்திருக்கும். அதைப் படித்துவிட்டுத்தான் தட்டச்சு செய்ய வேண்டும். டிக்கெட் வெளியான பிறகு பெயரை மாற்றுவது பெரும்பாலும் நடக்காது, நடந்தாலும் செலவு.

ஐ.ஏ.டி.ஏ. நடத்தும் அடிப்படைச் சான்றிதழ்ப் படிப்பை எப்போது எடுப்பது என்று கேட்பார்கள். புவியியல் முடிந்து, ஜி.டி.எஸ். தொடங்கிய பிறகு, அதாவது இரண்டாம் ஆண்டில். முதல் வருடத்திலேயே எடுத்தால் மனப்பாடம்தான் மிஞ்சும்.

விசாவில் தேர்வுக்குப் படிப்பது போதாது. ஐரோப்பாவில் ஒரே விசாவில் சுற்றிவரக்கூடிய ஷெங்கன் பகுதியில் 29 நாடுகள். எந்த 180 நாளை எடுத்தாலும் அதில் 90 நாளுக்கு மேல் தங்கக் கூடாது. பல நாடுகள் பாஸ்போர்ட்டில் இன்னும் ஆறு மாதம் செல்லுபடிக்காலம் பாக்கி இருக்க வேண்டும் என்று கேட்கும். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று ஊசி போட்டு பத்து நாள் கழித்துத்தான் செல்லும். 2016 முதல் அது ஆயுள் முழுக்கச் செல்லுபடியாகிறது. விமானம் மாறுவதற்காக மட்டும் இறங்கும் நாட்டுக்கும் சில பாஸ்போர்ட்காரர்களுக்கு விசா தேவைப்படும். இந்த விதிகள் மாறிக்கொண்டே இருக்கும். அதனால் விதியை நினைவில் வைப்பதைவிட, எந்த அதிகாரபூர்வப் பக்கத்தில் பார்ப்பது என்பதை நினைவில் வையுங்கள்.

இப்போது காஸ்டிங், அதாவது ஒரு பயணத்துக்கு ஆகும் செலவைக் கூட்டி விலை வைக்கும் கணக்கு. மாணவர்கள் பயந்து ஒதுங்கும் பாடம் இது. வேலை கிடைப்பதும் இதனால்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

இருபது பேர் போகும் ஒரு குழுப் பயணம். பேருந்து 30,000. வழிகாட்டி 6,000. கூடப் போகும் டூர் மேனேஜருக்கு அறையும் சாப்பாடும் 4,000. ஆக 40,000. எத்தனை பேர் வந்தாலும் இந்தத் தொகை மாறாது. ஆளுக்கு ஆள் மாறும் செலவு: இருவர் பகிரும் அறையில் ஒருவர் பங்கு 4,000, சாப்பாடு 1,500, நுழைவுக்கட்டணம் 500, மொத்தம் 6,000. இருபது பேர் என்றால் நிலைச்செலவில் தலைக்கு 2,000 விழும். அடக்கவிலை 8,000. அதன்மேல் 15 சதவீதம் வைத்து 9,200க்கு விற்கிறீர்கள்.

வந்தது பன்னிரண்டு பேர். வரவு 1,10,400. செலவு 40,000 நிலைச்செலவும், பன்னிரண்டு பேருக்கு 72,000மும் சேர்ந்து 1,12,000. எல்லோரும் சிரித்த முகத்தோடு பயணம் போய்வந்தார்கள். நிறுவனத்துக்கு 1,600 நட்டம். பதின்மூன்றாவது ஆள் வந்திருந்தால் அதே 1,600 லாபம். எனவே இந்த விலைக்குக் குறைந்தது பதின்மூன்று பேர் என்பதை விளம்பரம் போடும் முன்பே தெரிந்துவைத்திருக்க வேண்டும். ஆள் குறைந்தால் பெரிய பேருந்துக்குப் பதிலாகச் சின்ன வண்டி மாற்ற முடியுமா, எந்தத் தேதிக்குள் ஓட்டலுக்கு எண்ணிக்கையைக் குறைத்துச் சொன்னால் அபராதம் வராது என்பதும் அந்தக் கணக்கின் பகுதிதான்.

இன்னொன்று: அடக்கவிலையில் 15 சதவீதம் வைத்தால் விற்பனை விலையில் உங்கள் லாபம் 13 சதவீதம்தான். விற்பனை விலையில் 15 வேண்டும் என்று முதலாளி சொன்னால் 8,000ஐ 0.85ஆல் வகுக்க வேண்டும், 9,412 வரும். இந்த வித்தியாசம் நேர்காணலில் தெரிந்தால் எதிரில் இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

தனியாக வருகிறவர் ஒரு அறையை முழுதாக எடுத்துக்கொண்டால் வாங்கும் சிங்கிள் சப்ளிமெண்ட், குழந்தைக்குக் கட்டிலோடு ஒரு விலை, கட்டில் இல்லாமல் ஒரு விலை, அந்நியச் செலாவணி ஏறி இறங்குவதற்கு ஒதுக்கிவைக்கும் தொகை ஆகியவற்றையும் எக்செல்லில் நீங்களே ஒரு தாள் தயாரித்துப் பழகுங்கள். எக்செல் தெரியாமல் இந்தத் துறைக்குள் வராதீர்கள் என்றே சொல்வேன்.

மொழி

ஆங்கிலம் எல்லோரிடமும் இருக்கும். மூன்றாவதாக ஒரு மொழி உங்களை வரிசையில் முன்னால் கொண்டுபோய் நிறுத்தும். பிரெஞ்சு, ஸ்பானிஷ், ஜெர்மன், ஜப்பானிய மொழி, சீனம் ஆகியவற்றில் ஒன்றை முதல் ஆண்டிலேயே தொடங்குங்கள். ஐரோப்பிய மொழிகளில் ஏ1இலிருந்து சி2 வரை ஆறு நிலைகள். ஏ2வோடு நிறுத்தினால் வணக்கம் சொல்லலாம், விண்ணப்பத்தில் எழுதலாம், வேறு பயனில்லை. ஒரு குழுவுக்கு அந்த மொழியில் வழிகாட்ட குறைந்தது பி2 வேண்டும். நாளுக்கு அரைமணி நேரம் விடாமல் படித்தால் பட்டம் முடிவதற்குள் தொட்டுவிடும் தூரம்தான்.

இன்டர்ன்ஷிப்

எங்கே போவது என்பதில் பெரும்பாலானவர்கள் பெயருக்குத்தான் மயங்குகிறார்கள். பெரிய நிறுவனத்தில் ஆறு வாரம் ஒரே மேசையில் உட்கார்ந்து பாஸ்போர்ட் நகல் எடுத்துவிட்டு வருவதற்குப் பதிலாக, எட்டுப் பேர் வேலை பார்க்கும் டூர் ஆபரேட்டரிடம் போனால் வாடிக்கையாளரின் முதல் விசாரணை வருவதிலிருந்து பயணி வீடு திரும்பும்வரை எல்லாம் கண்ணில் படும். ஒரு விசாரணைக்கு எப்படிப் பதில் எழுதுகிறார்கள், ஓட்டலிடம் விலையை எப்படிப் பேசிக் குறைக்கிறார்கள், யாருக்கு எந்த அறை என்று காட்டும் ரூமிங் லிஸ்ட் எப்படி இருக்கும், ஓட்டலிலும் மற்ற இடங்களிலும் பயணி காட்டும் வவுச்சரில் என்னென்ன எழுத வேண்டும் என்று கேட்டுக் கேட்டு எழுதிவையுங்கள். சீசன் நேரத்தில் போங்கள். சும்மா இருக்கும் மாதத்தில் போனால் உங்களுக்குச் சொல்லித்தர அவர்களுக்கு நேரம் இருக்கும், ஆனால் பார்க்க எதுவும் இருக்காது.

ஒருமுறையாவது குழுவோடு உதவியாளாகப் பயணம் போகக் கேளுங்கள். பேருந்தில் ஏறும்போது தலை எண்ணுவது, நாற்பது பேரின் சாவிகளைப் பத்து நிமிடத்தில் பிரித்துக் கொடுப்பது, ஒருவர் பையைத் தொலைத்துவிட்டு அழும்போது மற்ற முப்பத்தொன்பது பேரையும் காக்கவைக்காமல் இருப்பது போன்றவற்றை எந்த வகுப்பறையும் தராது.

எந்தெந்த வேலைகள்

டூர் ஆபரேஷன்ஸ்தான் துறையின் முதுகெலும்பு. வெளிநாட்டிலிருந்து உங்கள் நாட்டுக்கு வருகிறவர்களைக் கவனிப்பது இன்பவுண்ட், இங்கிருந்து வெளியே அனுப்புவது அவுட்பவுண்ட். இன்பவுண்டில் உள்ளூர் அறிவும் மொழியும் காசாகும். அவுட்பவுண்டில் விசாவும் பேரம் பேசும் திறமையும். வெளிநாட்டு நிறுவனங்களுக்காக ஒரு இடத்தின் ஏற்பாடுகள் முழுவதையும் செய்துதரும் டி.எம்.சி. நிறுவனங்களில் தொடங்குவது நல்ல அடித்தளம் என்பது என் எண்ணம். அங்கே ஓட்டல் ஒப்பந்தம், வாகனம், வழிகாட்டி, அவசரநிலை எல்லாமே உங்கள் தலையில்.

கார்ப்பரேட் டிராவல், அதாவது நிறுவன ஊழியர்களின் அலுவல் பயணங்களைக் கவனிக்கும் வேலை, வெளியே அதிகம் பேசப்படாதது. பளபளப்பு கிடையாது. ஆனால் சீசன் இல்லாத, வருடம் முழுக்க ஓடும் வேலை. டிக்கெட் விதிகளில் நல்ல பிடி இருப்பவருக்கு நிலையான இடம். மாநாடு, கண்காட்சி, நிறுவனங்களின் பரிசுப் பயணங்கள் ஆகியவற்றைச் சேர்த்து மைஸ் என்பார்கள். பணம் புழங்கும் பிரிவு, தூக்கம் குறைவான பிரிவு.

வெறும் டிக்கெட் போடும் வேலையை முதல் படியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஒருகாலத்தில் முகவர்கள் விமான நிறுவனம் தரும் கமிஷனிலேயே வாழ்ந்தார்கள். 1995இல் அமெரிக்காவில் டெல்டா ஏர்லைன்ஸ் உள்நாட்டு டிக்கெட் கமிஷனுக்கு உச்சவரம்பு வைத்தது; மற்ற நிறுவனங்கள் பின்தொடர்ந்தன; பிறகு அது தேய்ந்து பல இடங்களில் இல்லாமலே போனது. எக்ஸ்பீடியாவும் புக்கிங் டாட் காமும் 1996இல் வந்தன. இன்று ஒரு சாதாரண டிக்கெட்டை எவரும் போனில் போட்டுக்கொள்வார்கள். மனிதர் தேவைப்படுவது சிக்கலான பயணத்துக்கும், பயணம் சிக்கலாகும்போதும்தான். மறுபக்கம், அதே இணைய நிறுவனங்களுக்குள் ஓட்டல்களோடு ஒப்பந்தம் பேசுவது, விலை நிர்ணயிப்பது, புகார்களைத் தீர்ப்பது என்று வேலைகள் உருவாகியிருக்கின்றன.

விமான நிலையத்தில் செக்-இன், பயணிகள் சேவை போன்ற பணிகளுக்கு இந்தப் பட்டம் கைகொடுக்கும். விமானப் பணிப்பெண், பணியாளர் வேலைக்கு இது தேவையே இல்லை. அதற்கு விமான நிறுவனமே தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுக்கும். அதற்காக மட்டும் இதில் சேருகிறவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கும். சொகுசுக் கப்பலில் வேலை என்றால் கடல் பாதுகாப்பு அடிப்படைப் பயிற்சிச் சான்று கட்டாயம். தொடர்ந்து பல மாதம் கடலிலேயே இருக்க மனம் ஒப்ப வேண்டும். வழிகாட்டி வேலைக்குப் பல நாடுகளில் உரிமம் வேண்டும், அதற்குத் தனித் தேர்வு. பாடம் எடுக்க விரும்பினால் முதுகலையும் அதற்கு மேலும் போக வேண்டும்.

அரசு சுற்றுலாத் துறைகள், இடங்களை நிர்வகிக்கும் அமைப்புகள் பக்கமும் ஒரு கண் வையுங்கள். ரிச்சர்ட் பட்லர் என்ற புவியியலாளர் 1980இல் வரைந்த ஒரு வளைகோடு உங்கள் பாடத்தில் வரும்: ஓர் இடம் கண்டுபிடிக்கப்பட்டு, வளர்ந்து, நெரிந்து, தேங்கி, பிறகு சரியும் அல்லது மீளும். பாடமாகப் படிக்கும்போது தூக்கம் வரும். ஆனால் பிலிப்பைன்ஸ் அரசு 2018இல் போராகாய் தீவை ஆறு மாதம் மூடியதும், தாய்லாந்தின் மாயா வளைகுடா அதே ஆண்டு மூடப்பட்டு 2022இல்தான் திறந்ததும், வெனிஸ் 2024இல் ஒருநாள் பயணிகளுக்கு நுழைவுக்கட்டணம் வைத்ததும் அந்த வளைகோட்டின் மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன. ஓர் இடம் எத்தனை பேரைத் தாங்கும் என்று கணக்கிடவும், கூட்டத்தைப் பிரித்து அனுப்பவும் ஆட்கள் தேவைப்படுகிறார்கள். புள்ளிவிவரத்தில் பயமில்லாதவர்களுக்கு இது நல்ல பாதை.

சம்பளமும் பாதுகாப்பும்

தொடக்கச் சம்பளம் குறைவுதான். அதை மறைத்துப் பேசுகிறவரை நம்பாதீர்கள். முதல் சில ஆண்டுகள் மற்ற துறைக்குப் போன நண்பர்களோடு ஒப்பிட்டால் மனம் நோகும். ஒப்பந்தம் பேசவும் விலை வைக்கவும் வாடிக்கையாளரைக் கொண்டுவரவும் கற்றவர்களுக்குப் பிறகு ஏறும். ஒரே மேசையில் தங்கியவர்களுக்கு ஏறாது. மற்றவர்களின் விடுமுறைதான் உங்கள் வேலைநாள் என்பதையும் வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

உலகில் எது நடந்தாலும் முதலில் அடிவாங்கும் துறை இது. 2019இல் எல்லை தாண்டிய சுற்றுலா வருகைகள் சுமார் 146 கோடி. பெருந்தொற்று வந்த 2020இல் அது ஏறக்குறைய 40 கோடியாக விழுந்தது. 2024இல் சுமார் 140 கோடிக்குத் திரும்பியது. விழுந்ததும் எழுந்ததும் உண்மை. நடுவில் வேலை இழந்தவர்களும் உண்மை. 1841இல் தொடங்கிய அந்தத் தாமஸ் குக் நிறுவனமே 2019 செப்டம்பரில் திவாலாகி, வெளிநாடுகளில் இருந்த சுமார் ஒன்றரை லட்சம் பிரிட்டன் பயணிகளை அரசு திரும்ப அழைத்துவர வேண்டியிருந்தது. ஆகவே கணக்கு, தரவு, மொழி, டிஜிட்டல் மார்க்கெட்டிங் என்று வேறு துறையிலும் செல்லுபடியாகும் ஒரு திறமையைக் கூடவே வளர்த்துக்கொள்ளுங்கள். வேலைக்குச் சேர்ந்ததும் ஆறு மாதச் செலவுக்கான பணத்தைச் சேர்ப்பது இந்தத் துறையில் அவசியம்.

சொந்தமாகத் தொடங்கும் ஆசை பலருக்கும் வரும். சில ஆண்டுகள் வேறொருவரிடம் வேலை பார்க்காமல் தொடங்காதீர்கள். இதில் வாடிக்கையாளர் கட்டும் முன்பணம் கணக்கில் பெரிய தொகையாக நிற்கும். அது ஓட்டலுக்கும் விமானத்துக்கும் போக வேண்டிய பணம். அதை எடுத்து அலுவலக வாடகை கட்டத் தொடங்கினால், அடுத்த குழுவின் பணத்தில் முந்தைய குழுவை அனுப்பும் நிலைக்குத்தான் அது கொண்டுபோய்விடும். தனிக் கணக்கு, முதல் நாளிலிருந்து.

இறுதி ஆண்டும் நேர்காணலும்

விண்ணப்பத்தோடு காட்ட உங்களிடம் ஏதாவது இருக்க வேண்டும். நீங்களே தயாரித்த மூன்று பயணத் திட்டங்கள், அவற்றின் காஸ்டிங் தாள்களோடு. ஒன்று குடும்பத்துக்கு, ஒன்று நிறுவனக் குழுவுக்கு, ஒன்று நீங்கள் நன்கு அறிந்த ஏதாவது துறைக்கு: பறவை பார்ப்பவர்கள், மலையேறுகிறவர்கள், பழைய கட்டடங்களைப் பார்க்க வருகிறவர்கள் என்று. மதிப்பெண் பட்டியலைவிட இதைத்தான் புரட்டிப் பார்ப்பார்கள்.

நேர்காணலில் சுழன்று சுழன்று வரும் கேள்வி ஒன்று உண்டு. குழு காலை ஐந்து மணிக்கு இறங்குகிறது, ஓட்டல் அறை மதியம் இரண்டு மணிக்குத்தான் கிடைக்கும்; நடுவில் ஒன்பது மணிநேரம் என்ன செய்வீர்கள்? உடனே ஊர் சுற்றிக் காட்டுவேன் என்று பதில் சொல்கிறவர்கள்தான் அதிகம். முதலில் நீங்கள் திருப்பிக் கேட்க வேண்டும்: எத்தனை மணிநேர விமானம், எந்த வயதுக்காரர்கள், பணம் எவ்வளவு கொடுத்திருக்கிறார்கள்? நீண்ட பயணம், வயதானவர்கள் என்றால் முந்தைய இரவுக்கும் சேர்த்து அறையைப் போட்டு, அதை விற்பனை விலையிலேயே ஏற்றியிருக்க வேண்டும். பணம் இடம் கொடுக்காது என்றால், குளிக்கவும் உடை மாற்றவும் இரண்டு மூன்று அறைகளை மட்டும் காலையிலேயே தரும்படி ஓட்டலிடம் பேசி, பெட்டிகளை அங்கே வைத்து, காலை உணவை அங்கேயே ஏற்பாடு செய்யலாம். இளைஞர்கள், குறுகிய விமானம் என்றால் ஊர் சுற்றலாம். அதுவும் அந்த நேரத்தில் எது திறந்திருக்கும் என்று பார்த்துவிட்டு. எந்த வழியை எடுத்தாலும், அறை இரண்டு மணிக்குத்தான் என்பதைப் பயணிகளிடம் கிளம்பும் முன்பே எழுத்தில் சொல்லியிருக்கிறீர்களா என்று அடுத்த கேள்வி வரும். அதற்கும் தயாராகப் போங்கள்.